மூன்று தட்டினால் என்ன?

ஜூன் 3, இரவு 11.20

பக்கத்து வீட்டு மாமாவுக்கு,

வணக்கம். நான் எதிர்க்கதவுப் பெண். எட்டாம் வகுப்பு. படியில் உங்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவேனே, அவள்தான்.

எங்கள் கதவிடுக்கில் நீங்கள் செருகியிருந்த சீட்டைப் படித்தேன். ராத்திரியில் சுவரில் என்ன தட்டல், ஆணி அடிப்பதென்றால் பகலில் அடியுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆணி அடிக்கவில்லை மாமா. நான்தான் கரண்டியால் தாளம் போட்டுப் பழகுகிறேன். பள்ளிக்கூடம் மூடியிருப்பதால் பாட்டு வகுப்பை வீட்டிலேயே செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இனிமேல் மெதுவாகத் தட்டுகிறேன்.

இதைக் கட்டடச் செயலாளரிடம் சொல்லாதீர்கள். அம்மாவிடமும் கேட்க வேண்டாம். அம்மா வேலைக்குப் போய் வந்து களைத்துத் தூங்குகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

நீங்களும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை என்று தெரியும். பேச வேண்டாம். சொல்லாமல் இருந்தால் போதும். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
எதிர்க்கதவுப் பெண்

*

ஜூன் 4, காலை

எதிர்க்கதவுப் பாப்பாவுக்கு,

வீட்டில் வேறு தாள் இல்லை, சர்வீஸ் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எண்ணெய்க் கறையைக் கண்டுகொள்ளாதே.

இருபத்தாறு வருடமாக நான் லிஃப்ட் மெக்கானிக். மொட்டைமாடி மோட்டார் அறையில் நின்றபடியே எந்த மாடியில் எந்தக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று காதால் சொல்லிவிடுவேன். என்னிடம் தாளக் கதை விடாதே. தாளம் என்றால் அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கும். இது ஒரு தட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் இரண்டு தட்டு. இரண்டு தட்டினால் உடனே ஒரு ஓட்டம், குழாய்ச் சத்தம். தட்டுவது ஓர் ஆள், ஓடுவது இன்னோர் ஆள். உங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஓடுகிற கால் சின்னது.

உன் அம்மா காலை ஐந்தேகாலுக்குக் கதவைச் சாத்துகிற சத்தம்தான் எனக்கு அலாரம். ஐந்து நாளாக ஆறரைக்கு எழுந்திருக்கிறேன்.

காய்ச்சலா? உண்மையை எழுது. யாரிடமும் சொல்ல மாட்டேன். உன் கதவுப் பிடியில் ஒரு பை மாட்டியிருக்கிறேன். ரொட்டி, காய்ச்சல் மாத்திரை. எடுத்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவு. என் ஃபோன் நம்பரையும் பையில் எழுதியிருக்கிறேன்.

லிஃப்ட் மெக்கானிக்

*

ஜூன் 5, இரவு 12.05

மாமா,

குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். கூடத்தில் விளக்கு எரிந்தால் நான் தூங்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஃபோனில் பேச முடியாது, அம்மாவுக்குக் கேட்கும். நான் உங்களிடம் சொன்னேன் என்று தெரிந்தால் அம்மா தாங்க மாட்டாள்.

காய்ச்சல்தான். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். அன்று வந்ததும் வாசலிலேயே நின்று, "கிட்ட வராதே. நான் ரூமுக்குள்ள போயிடறேன், நீ கூடத்துலயே இரு" என்றாள். அதற்குப் பிறகு நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டை அறை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பேன். கதவு கொஞ்சம் திறக்கும், கை மட்டும் வரும். பேசினால் இருமல் வருகிறது என்று கரண்டியால் சுவரில் தட்டுகிறாள். ஒன்று தட்டினால் நன்றாக இருக்கிறேன். இரண்டு தட்டினால் தண்ணீர். மூன்று தட்டினால் என்ன என்று கேட்டேன். "மூணு தட்ட மாட்டேன். அதுக்கு அவசியம் வராது" என்றாள்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். இரண்டாம் மாடி பஸ் டிரைவருக்கு இதே தொற்றுக் காய்ச்சல் வந்தபோது அவர்கள் வீட்டு வாசலில் தகரம் வைத்து அடித்தார்களே, நான் படியில் நின்று பார்த்தேன். உள்ளே இருந்து டிரைவர் வீட்டு அத்தை, "பால் வாங்க ஒரு சந்தாவது விடுங்கய்யா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். செயலாளர், "எல்லாரோட நல்லதுக்குத்தாம்மா" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வோர் ஆணியாக எடுத்துக் கொடுத்தார். இப்போது டிரைவர் மாமாவுக்குக் குணமாகித் தகரத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் நிலைச்சட்டத்தில் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. நான் அந்த மாடியில் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன்.

அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். எந்தத் துறைமுகத்திலும் அவர்களை இறங்க விடவில்லை. அவரிடம்கூடச் சொல்லவில்லை. ஃபோன் வரும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள் என்கிறேன். நேற்று, "உங்கம்மா மீனாப் பொறந்திருக்கணும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பகலில் சமாளித்துவிடுகிறேன். ராத்திரிதான் பயம். தூங்கிவிட்டால் தட்டுவது கேட்காதே என்று பயம். தூங்காமல் இருந்தால், தட்டாத நேரமெல்லாம் பயம்.

மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இருந்தது என்று பொய் சொன்னேன்.

எதிர்க்கதவு

*

ஜூன் 5

பாப்பாவுக்கு,

கிழிக்கச் சொன்னாய். கிழிக்கவில்லை. டூல் பெட்டியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அந்தப் பெட்டியை என்னைத் தவிர இந்தக் கட்டடத்தில் யாராலும் தூக்க முடியாது.

இந்தச் சீட்டோடு ஒரு நூல் உன் கதவுக்கு அடியில் வந்திருக்கும். நைலான், அறாது. தூங்கும்போது அதை உன் மணிக்கட்டில் கட்டிக்கொள். மறுமுனை என்னிடம். நம் இரண்டு வாசலுக்கும் நடுவே ஆறடிதான், இதற்கு மேலே மாடி இல்லை, ராத்திரி யாரும் வர மாட்டார்கள். பின்பக்கத்தில் நம் இரண்டு வீடும் ஒட்டியவை, உன் அம்மா அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் என் சமையல்கட்டு. பாயை அங்கே போட்டுவிட்டேன். பதினொன்றிலிருந்து ஐந்து மணி வரை நான் கேட்கிறேன். இரண்டு தட்டினால் நூலை இழுப்பேன். நீ தூங்கு. எனக்கு எப்படியும் வயசான மோட்டார் மாதிரி ராத்திரியில்தான் சூடு ஏறும்.

இன்னொன்று. உன் அம்மாவுக்கும் எனக்கும் பேச்சு நின்றது எதனால் என்று தெரியுமா? இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மோட்டார் அறைக் கம்பியில் ஈரப் போர்வையைக் காயப்போட்டார். மறுநாள் லிஃப்ட் மூன்று நாள் படுத்துவிட்டது. படியில் எல்லோர் முன்னாலும் வைத்து நான் கத்தினேன். அவர் என்னை "இரும்பு மண்டை" என்றார். உண்மை என்னவென்றால், தண்ணீர் உள்ளே போனதற்குக் காரணம் நான். முந்தின நாள் மோட்டார் பெட்டியின் மூடியைத் திருகாமல் வந்துவிட்டேன். அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நாளாக ஆகச் சொல்வதற்கு வாய் வரவில்லை.

சாப்பிடு.

இரும்பு மண்டை

*

ஜூன் 5, இரவு 10.50

மாமா,

நூலைக் கட்டிக்கொண்டேன். இடது கையில். நேற்று வரை ராத்திரிக்கு ஒரு மணி நேரம்தான் தூங்கினேன், இன்று தூங்கிப் பார்க்கிறேன்.

போர்வை விஷயத்தை அம்மா சரியானதும் நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டாள். "அந்த ஆளா, தப்புன்னு ஒத்துக்கிட்டானா?" என்பாள். மன்னிக்கவும், அம்மா அப்படித்தான் பேசுவாள்.

இன்று இரண்டு வாய் சாப்பிட்டாள். நான் கேட்டபோதெல்லாம் ஒன்றுதான் தட்டினாள்.

பாப்பா

*

ஜூன் 6, மாலை

பாப்பாவுக்கு,

இதை உட்கார்ந்து படி.

உன் அம்மா பொய் தட்டுகிறார்.

கட்டிலிலிருந்து தட்டினால் என் அலமாரியில் இருக்கிற டம்ளர் சிணுங்கும். மூன்று நாளாக அதைக் கேட்டுப் பழகிவிட்டேன். நேற்று ராத்திரி இரண்டு மணியிலிருந்து டம்ளர் சும்மா இருக்கிறது. தரையில் இருக்கிற ஸ்பானர் டப்பா சிணுங்குகிறது. அவர் தரையில் கிடக்கிறார். கட்டிலில் ஏற முடியவில்லை. அங்கிருந்துகொண்டே ஒன்று தட்டி நன்றாக இருக்கிறேன் என்கிறார்.

பயமுறுத்த எழுதவில்லை. ஒரு காரியம் செய். அவர் கண் அயர்ந்ததும் கதவில் காதை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணு. எண்ணி எழுது. முப்பதைத் தாண்டினால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று ரேடியோவில் சொன்னார்கள்.

மெக்கானிக்

*

ஜூன் 7, இரவு 1.30

மாமா,

முப்பத்து நான்கு. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். முப்பத்தாறு.

ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன். அங்கே இறந்துபோனவர்களின் போர்வையைத் தனி மூட்டையாகக் கட்டிச் சலவைக்கு அனுப்புவார்கள். அந்த மூட்டைகளை எடுப்பது அம்மாதான். ஒரு நாளும் எண்ண மாட்டாள். எண்ணினால் தூக்கம் போய்விடும் என்பாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் மாமா, தெரிந்துதான் போக மாட்டேன் என்கிறாள். போனால் நான் இங்கே தனியாக இருப்பேன், எங்கள் வாசலிலும் தகரம் அடிப்பார்கள், உள்ளே இருந்து நான் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

கதவிடுக்கு வழியாக, "அம்மா, கட்டில்லயா இருக்கே?" என்று கேட்டேன். ஒன்று தட்டினாள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. காலை வரை பார்க்கலாம். காலையில் சரியாகிவிடும். நீங்கள் சொன்னால் நான் சாகும்வரை உங்களோடு பேச மாட்டேன்.

*

ஜூன் 7, இரவு 2.15

பாப்பாவுக்கு,

பேசாதே. பரவாயில்லை.

வண்டிக்குச் சொல்லிவிட்டேன். அரை மணியில் வரும். எழுதிக் கொடுத்த சீட்டைக் கிழித்துப்போடு, அது இனி செல்லாது. போர்வை விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்து ஒரு மனுஷிக்கு இரண்டு வருடம் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவன் நான். இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

இப்போது கவனி. நான்கு மாடி, படியில் தூக்கி இறக்கினால் உன் அம்மாவுக்கு மூச்சு தாங்காது. தொற்று பரவும் என்று செயலாளர் லிஃப்டைப் பூட்டி வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு சாவி, என்னிடம் ஒரு சாவி. நான் வண்டிக்காரர்களோடு உன் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். மோட்டார் அறைக்கு நீ போ. சாவியை நூலில் கட்டியிருக்கிறேன், இழு. உள்ளே நுழைந்ததும் இடது சுவர். முதலில் மேலே இருக்கும் கறுப்பு சுவிட்ச். பத்து எண்ணு. அப்புறம் கீழே சிவப்பு. மாற்றிப் போட்டால் நடு வழியில் நின்றுவிடும். கறுப்பு, பத்து, சிவப்பு. சொல்லிக்கொண்டே போ.

முகக்கவசம் இரண்டு போட்டுக்கொள். அம்மாவின் செருப்பை ஒரு பையில் போட்டுக் கொடு. திரும்பி வருகிறவர்களுக்குத்தான் செருப்பு வேண்டும்.

*

ஜூன் 9, இரவு 11.00

மாமா,

பேச மாட்டேன் என்றுதான் எழுதினேன், எழுத மாட்டேன் என்று எழுதவில்லை.

அம்மாவை லிஃப்டில் ஏற்றியபோது நான் மோட்டார் அறையில் இருந்தேன். கறுப்பைப் போட்டு எண்ணும்போது ஆறுக்கு அப்புறம் எட்டு என்று எண்ணிவிட்டேன். பயந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் கயிறு கீழே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா அந்தக் கயிற்றில்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கி வருவதற்குள் வண்டி போய்விட்டது. முகத்தைப் பார்க்கவே இல்லை. அதற்காக உங்கள் மேல் கோபம் இன்னும் இருக்கிறது.

எனக்குத் தொற்று இல்லை என்று சோதனையில் வந்துவிட்டது. ஆனாலும் பதினான்கு நாள் வெளியே வரக் கூடாதாம். அம்மா அறைக்கு மருந்து அடித்துவிட்டுப் போனார்கள். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஃபோனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கடல் சத்தம் மட்டும் வந்தது.

நேற்றுக் காலை செயலாளர் தகரத்தோடு வந்ததைக் கதவு ஓட்டை வழியாகப் பார்த்தேன். நீங்கள் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். டிரைவர் வீட்டு அத்தை சாப்பாட்டுத் தூக்கோடு மேலே வந்து, "என்ன செயலாளரே, ஆணி வேணுமா? என் வீட்டு வாசல்ல பிடுங்கினது பதினோரு ஆணி டப்பால வச்சிருக்கேன். எடுத்துட்டு வரவா?" என்றார்கள். செயலாளர் தகரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அது ஒவ்வொரு படியிலும் இடித்தது. நான் உள்ளே நின்று சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

அத்தை தினமும் இரண்டு வேளை தூக்கைப் பிடியில் மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

இன்று நர்ஸ் ஃபோனில், அம்மாவுக்கு மூச்சுவிடக் குழாய் வைத்திருக்கிறார்கள், இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்றார். ராத்திரி நீங்கள் சுவரில் தட்டுவீர்களா? அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

பாப்பா

*

ஜூன் 10

பாப்பாவுக்கு,

பத்து மணிக்கு நான் ஒன்று தட்டுவேன். நீ ஒன்று தட்டு. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

செயலாளர் தன் சாவியையும் என்னிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். "பழியும் சாவியும் ஒரே எடத்துல இருக்கட்டும்" என்கிறார். நன்றாகத்தான் பேசுகிறார், தகரம் கையில் இல்லாதபோது.

கோபத்தை வைத்துக்கொள். உன் அம்மா வந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து திட்டுங்கள்.

மெக்கானிக்

*

ஜூன் 13, இரவு 10.20

மாமா,

அம்மா பேசினாள்! குழாயை எடுத்துவிட்டார்களாம். குரல் வேறு யாரோ மாதிரி இருந்தது. முதலில், "சாப்பிட்டியா?" என்றாள். அப்புறம் மூச்சு வாங்கிவிட்டு, "அந்த இரும்பு மண்டை சாப்பிட்டாரா?" என்றாள். 'சாப்பிட்டாரா' என்றாள், கவனியுங்கள். இன்னும் பத்து நாள் ஆகுமாம்.

இதைச் சொல்ல உங்களுக்கு நான்கு தடவை ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. பத்து மணிக்கு ஒன்று தட்டினீர்கள், அதனால் வீட்டில்தான் இருக்கிறீர்கள். இருமல் கேட்டதே, உங்களுடையதா?

பாப்பா

*

ஜூன் 14

பாப்பாவுக்கு,

மனசு குளிர்ந்தது. உன் அம்மாவிடம் சாப்பிட்டேன் என்று சொல்.

இருமல் ஒன்றுமில்லை. மோட்டார் அறைத் தூசி. ஃபோனில் சார்ஜ் இல்லை.

பத்து மணிக்கு ஒன்று தட்டுகிறேன்.

மெ.

*

ஜூன் 15, இரவு 11.40

மாமா,

இந்தக் கடிதத்தை நூலில் கட்டி உங்கள் கதவுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். இழுங்கள். எழுந்து வர வேண்டாம்.

நேற்றே எனக்குச் சந்தேகம். உங்கள் கையெழுத்துக் கோடு விட்டு இறங்கியிருந்தது. டிரைவர் வீட்டு அத்தை உங்கள் கதவில் மாட்டிய தூக்கு மத்தியானத்திலிருந்து அப்படியே தொங்குகிறது. அம்மா அறைச் சுவரோரம் அலமாரியில் ஒரு டம்ளரும் தரையில் என் பென்சில் டப்பாவும் வைத்தேன். பத்து மணிக்கு நீங்கள் ஒன்று தட்டினீர்கள். டம்ளர் சும்மா இருந்தது. டப்பா சிணுங்கியது.

நீங்களும் பொய் தட்டுகிறீர்கள்.

அம்மாவைத் தூக்கினீர்கள் இல்லையா? அதனால்தான். நீங்கள் யாரிடமும் சொல்லாதே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

செயலாளருக்கு நானே ஃபோன் செய்தேன். அவர் குரலைக் கேட்டதும் அந்தத் தகரம்தான் கண் முன்னால் வந்தது. ஆனாலும் சொன்னேன். அப்புறம், "நீ கதவை விட்டு வெளியே வராதேம்மா" என்று ஆரம்பித்தார். உடனே, "இல்ல, வா. லிஃப்ட் போட உன்னை விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். வண்டிக்கு அவரே சொல்லிவிட்டார். கீழே வாசலில் டார்ச்சோடு நிற்கிறார். டிரைவர் மாமாவும் அத்தையும் முகக்கவசம் போட்டுக்கொண்டு படியில் நிற்கிறார்கள். அவர்கள் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கிறது, ஆனால் உங்கள் பக்கத்திலிருந்து எதுவும் கேட்கவில்லை.

சாவி இரண்டும் உங்களிடம். ஒன்றை நூலில் கட்டிவிட்டு இரண்டு தடவை ஆட்டுங்கள், நான் இழுத்துக்கொள்கிறேன். முடிச்சுப் போட முடியாவிட்டால் வளையத்துக்குள் நூலை நுழைத்தால் போதும். உங்கள் செருப்பு வாசலில்தான் இருந்தது, பையில் போட்டுவிட்டேன்.

அம்மா பொய் தட்டியபோது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். தயவுசெய்து இனிமேல் ஒன்று தட்டாதீர்கள்.

நூலைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாப்பா

*

(தேதி இல்லை. சர்வீஸ் சீட்டின் பின்பக்கம். நூலில், சாவியோடு.)

பாப்பா

கறுப்பு. பத்து. சிவப்பு. ஆறுக்கு அப்புறம் ஏழு, விட்டுவிடாதே.

மூன்று தட்டியிருக்கிறேன். டப்பா சிணுங்கியதா?